தொழில் இணையதளத்தின் ‘நம்பகத்தன்மை’ என்பது என்ன?

பணம் கட்டியபின் ஏதாவது தவறினால் யாரைப் பிடிப்பது? இதற்குத் தளத்திலேயே பதில் இருப்பதுதான் நம்பகத்தன்மை. புதுக் கடையில் வாங்கும்போது பில்லில் முகவரி இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே கணக்கு.

இந்தியாவில் இணையத்தில் விற்போர் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரத்தைத் தளத்தில் போட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதி. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யவும் வேண்டும். பலர் வாட்ஸ்அப் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள்; வாடிக்கையாளர் பின்வாங்குவது அங்கேதான். ஜிஎஸ்டி எண் இருந்தால் அதையும் பக்கத்தின் அடியில் போடுங்கள். அரசுத் தளத்தில் அதைத் தேடினால் பதிவான பெயர் வரும். உங்கள் தளத்தில் வேறு பெயர் இருந்தால் சந்தேகம்தான் மிஞ்சும். பொருளைத் திருப்பி அனுப்ப எத்தனை நாள், கூரியர் செலவு யாருடையது என்பதையும் எழுதிவிடுங்கள்.

உலாவியின் முகவரிப் பட்டியில் பூட்டுக்குறி இருந்தால் கடை நேர்மையானது என்று அர்த்தமில்லை: நீங்கள் தட்டும் விவரத்தை இடைவழியில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான், போலித் தளமும் அதை இலவசமாகவே வாங்கிவிடலாம்.