அந்தக் கைதட்டலுக்கு என்ன பதில்?

கேள்வி: போரைத் தொடங்கும் தலைவர்களின் மனதில் என்னதான் ஓடுகிறது? பைத்தியமா அவர்களுக்கு? இதைப் பேச ஆரம்பித்தாலே கல்லூரியில் படிக்கும் என் மகன் எழுந்து போய்விடுகிறான். ஒருநாள் டிவியில் குண்டு விழுவதைப் பார்த்து, "அப்படிப் போடு!" என்று கைதட்டினேன். அதிலிருந்தே முகம் கொடுப்பதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை.
- ஒரு வாசகர்

பதில்: தலைவர்கள் அப்புறம். முதலில் அந்தக் கைதட்டல். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கேள்விக்குப் பதிலே அதில்தான் இருக்கிறது.

பைத்தியமெல்லாம் இல்லை. 1982இல் அர்ஜென்டினாவை ஆண்டவர் ராணுவத் தளபதி கால்டியேரி. விலைவாசி எகிறிக் கிடந்தது. மார்ச் 30 அன்று தலைநகர் பியூனஸ் அயர்ஸில் தொழிலாளர்கள் திரண்டார்கள்; போலீஸ் அடித்து விரட்டியது. ஏப்ரல் 2 அன்று, பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளில் அவருடைய படை இறங்கியது. உடனே தலைநகரின் பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் கூட்டம் நிரம்பியது, இந்த முறை வாழ்த்துவதற்காக. ஊரே வெறுத்த ஆளுக்கு அந்த ஆரவாரம் எவ்வளவு இனித்திருக்கும்! ஏப்ரல் 10 அன்று சமரசம் பேச அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹெய்க் அதே ஊரில் இருந்தார். கால்டியேரியோ மாளிகை பால்கனியில் நின்று, வருகிறவர்கள் வரட்டும், மோதிப் பார்ப்போம் என்று முழங்கினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதற்கப்புறம் எந்த முகத்தோடு இறங்கி வருவார்?

பிரிட்டன் படை வந்தது, போர் மூண்டது. செத்தது அந்த நாட்டுப் பிள்ளைகள். வெயில் பிரதேசமான கொரியென்டெஸிலிருந்து கட்டாயச் சேவைக்குப் போன 19 வயதுப் பையன்கள் குளிரில் பதுங்குகுழிக்குள் கிடந்தார்கள். அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், பிரிட்டன் தரப்பில் 255 பேர், தீவுவாசிகள் 3 பேர் செத்தார்கள். ஜூன் 14 அன்று அர்ஜென்டினா படை சரணடைந்ததும் அதே சதுக்கத்தில் கால்டியேரியைத் திட்டித் தீர்த்தார்கள். சில நாளில் பதவியும் போனது. திட்டியவர்களில் எத்தனை பேர் ஏப்ரலில் கைதட்டியவர்களோ!

மகனுக்கு மரியாதை தெரியவில்லை என்கிறீர்கள். குண்டு விழுந்த இடத்தில் தன் வயதுப் பையன் ஒருவன் இருந்திருப்பான் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளை பெற்ற உங்களுக்கல்லவா அது முதலில் தோன்றியிருக்க வேண்டும்? சோறு போட்டுப் படிக்க வைப்பதோடு தகப்பன் கடமை தீராது. ஊரார் பிள்ளையின் சாவைக் கொண்டாடாத வீட்டில் அவனை வளர்ப்பதும் உங்கள் பொறுப்புதான்.

இன்றிரவு டிவியை அணைத்துவிட்டு, "அன்னைக்கு நான் கைதட்டினது தப்புடா" என்று அவனிடம் சொல்லுங்கள். அப்பா போய் மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.