பெரிய சீட்டு யாருக்குச் சாதகம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். நிகழ்தகவு நடத்தும்போது ஒரு மாணவன், பிளாக்ஜாக்கில் (21ஐத் தாண்டாமல் டீலரைவிட, அதாவது விடுதிக்காகச் சீட்டு போடுபவரைவிட, அதிகக் கூட்டுத்தொகை சேர்க்கும் சீட்டாட்டம்) சீட்டு எண்ணி வெல்வது உண்மையா என்று கேட்டான். தேடிப் படித்தேன். 2 முதல் 6 வரையிலான சீட்டு வந்தால் +1, பத்து மதிப்புச் சீட்டோ (10, J, Q, K) ஏஸோ வந்தால் −1, 7, 8, 9 வந்தால் பூஜ்யம் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும்; தொகை உயர்ந்தால் ஆட்டக்காரருக்குச் சாதகம். இதுவரை புரிகிறது. ஆனால் கட்டில் பெரிய சீட்டுகள் மிகுந்திருந்தால் அவை டீலருக்கும் அதே வாய்ப்போடுதானே வரும்? கைப்பேசியில் ஆடும் பிளாக்ஜாக்கிலும் இது செல்லுமா என்று அவன் மேலும் கேட்கிறான்.

தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பல விளக்கங்கள் கூட்டல் விதியைச் சொல்லிவிட்டு இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. அடுத்த சீட்டு பத்தாக இருக்கும் வாய்ப்பு உங்களுக்கும் டீலருக்கும் ஒன்றுதான். இருவரையும் வேறுபடுத்துவது ஆட்டத்தின் விதிகள்.

அந்த விதிகளில் முதன்மையானது சூதாட்ட விடுதிக்கு உதவுகிறது. முதலில் சீட்டு வாங்கும் நீங்கள் 21ஐத் தாண்டிய கணமே பந்தயப் பணம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. டீலரைப் போலவே 17 வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர், போடும் பணத்தில் நாளடைவில் ஏறக்குறைய ஐந்தரை விழுக்காட்டை இழப்பது இதனால்தான். கையில் எந்தச் சீட்டுகள் இருந்தால் மேலும் வாங்குவது, எவற்றுக்கு நிற்பது என்று ரோஜர் பால்ட்வினும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் மேசைக் கணிப்பான்களை வைத்துக் கணக்கிட்டு 1956இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்று செம்மைப்படுத்தப்பட்ட வடிவத்தில் அதைப் பிசகாமல் பின்பற்றினால் இழப்பு அரை விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மீதியைக் கடக்க, வெளியேறிய சீட்டுகளைக் கவனிக்க வேண்டும் என்பதை ஐபிஎம் 704 கணினியின் துணையோடு கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் 1961இல் நிறுவினார். நீங்கள் குறிப்பிடும் எளிய கூட்டல் முறை 1963இல் ஹார்வி டப்னர் முன்வைத்தது.

இனி உங்கள் கேள்வி. ஏஸும் பத்தும் சேர்ந்து முதல் இரு சீட்டிலேயே 21 ஆகும் கைக்கும் பிளாக்ஜாக் என்றே பெயர்; அது உங்களுக்கு விழுந்தால் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கிறது; டீலருக்கு விழுந்தால் நீங்கள் ஒரு மடங்கைத்தான் இழக்கிறீர்கள். முழுக்கட்டில் அது விழும் வாய்ப்பு 2×4×16÷(52×51), அதாவது 4.8 விழுக்காடு. பாதிக் கட்டு முடிந்து, மிஞ்சிய 26 சீட்டுகளில் 3 ஏஸும் 9 பத்து மதிப்புச் சீட்டுகளும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 2×3×9÷(26×25), அதாவது 8.3 விழுக்காடு. டீலருக்கும் அதே 8.3தான் என்றாலும், அந்த அரை மடங்கு வித்தியாசம் உங்கள் பக்கமே சேர்கிறது. அடுத்து, டீலர் 16 வரை வாங்கியே தீர வேண்டும். நீங்கள் 13இல்கூட நின்றுவிடலாம். பெரிய சீட்டுகள் மிகுந்த கட்டில் அந்தக் கட்டாயம் அவரை அடிக்கடி 21க்கு அப்பால் தள்ளுகிறது. 10, 11 வைத்திருக்கும்போது பந்தயத்தை இரட்டிப்பாக்கும் உரிமையும் உங்களுக்கு மட்டுமே உண்டு. சமமாக வரும் சீட்டை நீங்கள் விருப்பத்தோடும் அவர் கட்டாயத்தோடும் ஆடுகிறீர்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் வகுத்தல்: தொகையை, மீதமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மேற்சொன்ன பாதிக் கட்டில் சிறிய சீட்டு 12, பெரிய சீட்டு 8 வெளியேறியிருந்தால் தொகை +4. அதை அரையால் வகுக்க +8. அதே +4 நான்கு கட்டுகள் மீதமிருக்கும்போது வந்தால் வெறும் +1. வகுத்து வரும் எண்ணில் ஒவ்வொரு ஒன்றுக்கும் ஏறக்குறைய அரை விழுக்காடு சாதகம் கூடும் என்பதால், +1இல் ஆட்டம் சமநிலைக்கு வருகிறது, +2இலிருந்துதான் பந்தயத்தை உயர்த்துவதற்குப் பொருள் உண்டு.

இந்தச் சாதகம் எவ்வளவு மெலிந்தது என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். ஒரு விழுக்காடு சாதகத்தோடு, ஒரே அளவுப் பந்தயத்தில் 10,000 கைகள் (சுற்றுகள்) ஆடுபவர் சராசரியாக 100 பந்தய அளவுகளை வெல்ல வேண்டும். ஒரு கையின் திட்ட விலக்கம் சுமார் 1.15, பத்தாயிரத்தின் வர்க்கமூலம் 100, ஆக மொத்தத் திட்ட விலக்கம் 115. சராசரி லாபத்தைவிட விலக்கம் பெரிதாக இருப்பதால், எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அத்தனை கைகளுக்குப் பிறகும் நஷ்டத்தில்தான் இருப்பார். சீட்டு எண்ணுவதைப் பணம் காய்ச்சும் மரம்போலப் பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

கைப்பேசி ஆட்டத்துக்கு விடை சுருக்கமானது. வெளியேறிய சீட்டு மீண்டும் வராது என்பதால்தான் இந்தக் கணக்குக்கு உயிர். நிரல் ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைத்தால் தொகை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும், எண்ணுவதில் பயனில்லை. ஓயாமல் கலைக்கும் இயந்திரம் வைத்த மேசையிலும் ஏறத்தாழ அதே கதைதான்.

வகுப்பில் பணமில்லாமல் செய்து காட்ட ஒரு வழி உண்டு. 52 சீட்டுகளில் ஒன்றைப் பார்க்காமல் எடுத்து ஒதுக்கிவிட்டு, மற்ற 51ஐயும் ஒருவனை எண்ணச் சொல்லுங்கள். முழுக்கட்டின் தொகை பூஜ்யம் என்பதால், அவன் +1இல் முடித்தால் ஒதுக்கியது பெரிய சீட்டு, −1இல் முடித்தால் சிறியது, பூஜ்யம் வந்தால் 7, 8, 9இல் ஒன்று. எது என்று அவனைச் சொல்ல வைத்துவிட்டுச் சீட்டைத் திருப்புங்கள்.