மூணாவது நாள் அப்பா ஏன் படுத்துடறார்? கீமோ நடக்கும்போது வீட்டுல பாத்துக்கறது எப்படி

கேள்வி: அப்பாவுக்கு 63 வயசு, விருதுநகர் பக்கம். நுரையீரல்ல அடினோகார்சினோமாங்கற கேன்சர், நாலாவது ஸ்டேஜ். நுரையீரலைச் சுத்தி தண்ணி கோத்து ரெண்டு தடவை எடுத்தாங்க. பெமிட்ரெக்செட், கார்போபிளாட்டின்னு ரெண்டு கீமோ மருந்தும் 21 நாளைக்கு ஒருக்கா ஏத்தறாங்க, மூணு தடவை முடிஞ்சிருக்கு. ஏத்தின அன்னைக்கு நல்லா பேசிட்டு வர்றார், மூணாவது நாள் படுத்துடறார், சோறு எறங்கல, கொஞ்சம் நடந்தா மூச்சு வாங்குது. சொந்தக்காரங்க ஆளுக்கொரு மருந்து சொல்றாங்க. அவர்கிட்ட கேன்சர்னு சொல்லல, நெஞ்சுல சளிக்கட்டின்னு சொல்லி வச்சிருக்கோம். அடுத்த கீமோ 12ஆம் தேதி, 14ஆம் தேதி தங்கச்சிக்கு வளைகாப்பு, போகணும்னு ஆசைப்படறார். கூட்டிட்டு போலாமா?

பதில்: மூணாவது நாள் படுத்துடறார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலேருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதைப் பாத்து நிறைய வீட்டுல பயந்துடறாங்க, நோய் முத்திடுச்சு, கீமோ ஒத்துக்கலன்னு நினைச்சு அடுத்த கீமோவுக்கே வராம நின்னுடறாங்க. பெமிட்ரெக்செட் போடறவங்களுக்கு முந்தின நாள், ஏத்தற நாள், மறுநாள்னு மூணு நாளைக்கு டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை குடுப்பாங்க, தோல்ல தடிப்பு வராம இருக்க. அந்த மாத்திரை உள்ள இருக்கற வரைக்கும் ஆளு தெம்பா இருப்பார், பசிக்கும், பேசுவார், ராத்திரி தூக்கம்கூட வராது. அது நின்ன உடனே ஒரேயடியா உடம்பு எறங்கும், கீமோவோட அசதியும் அதே நேரத்துல வந்து சேரும். அதான் மூணாவது நாள் கணக்கு. பெரும்பாலானவங்களுக்கு ஆறு ஏழு நாள்ல தானா தெளியும். ராத்திரி தூக்கம் கெடுதுன்னா ரெண்டாவது வேளை மாத்திரையை சாயங்காலத்துக்கு தள்ளாம மத்தியானமே சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. சுகர் இருக்கறவரா இருந்தா அந்த மூணு நாலு நாள் சுகர் எகிறும், வீட்டுலயே பாத்து எழுதி வைங்க.

வீட்டுல கடைக்காரங்க குடுத்த மாசக் காலண்டர் ஒண்ணு சுவத்துல தொங்கும்ல, அதை எடுங்க. கீமோ ஏத்தற நாளை 1ன்னு போட்டு 21 வரைக்கும் எழுதுங்க. 3லேருந்து 6 வரைக்கும் படுக்கற நாள், அப்ப அவரை நட, சாப்பிடு, எழுந்திருன்னு விரட்டாதீங்க, ஆனா தண்ணி மட்டும் விடாதீங்க, மோர், கஞ்சித்தண்ணி, இளநீர், எது எறங்குதோ அது. ஏழுலேருந்து பதினாலு, சிலருக்கு இன்னும் சில நாள் கூட, இது ரத்தத்துல வெள்ளை அணு குறையற நாள், வெளியில பாத்தா ஆளு தெளிஞ்ச மாதிரி இருப்பார், ஆனா ஜாக்கிரதையா இருக்க வேண்டிய நாள் இதுதான். பதினஞ்சுக்கு மேல 21 வரைக்கும் அவரோட நாள். பேங்க் வேலை, கோயில், முடி வெட்டறது, பேரப்பிள்ளையை ஸ்கூல்ல விடறது எல்லாத்தையும் இந்த வாரத்துல வைங்க. இப்படி ரெண்டு சைக்கிள், அதாவது ரெண்டு 21 நாள் கணக்கு எழுதினீங்கன்னா அப்பாவோட உடம்பு எந்த நாள் எப்படி இருக்கும்னு சிகிச்சை குடுக்கற எங்களைவிட உங்களுக்கு நல்லா தெரிஞ்சிடும், அந்தக் காலண்டரையே அடுத்த தடவை டாக்டர்கிட்ட கொண்டு போய் காட்டுங்க.

காய்ச்சல் விஷயத்துல மட்டும் நான் கறாரா சொல்லுவேன். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி தலைமாட்டுலயே வைங்க. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதுக்கு மேல ஒரே ஒரு தடவை காட்டினாலும் போதும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு கிளம்பணும். டோலோ போட்டுட்டு காலைல பாத்துக்கலாம்னு படுக்கறதுதான் நான் பாத்ததுலயே பெரிய ஆபத்து, மாத்திரை சூட்டை எறக்கிடும், கிருமி உள்ள பரவிட்டே இருக்கும். வெள்ளை அணு இல்லாத உடம்புல அது சில மணி நேரத்துல ஆளை சாய்ச்சுடும். காய்ச்சலே இல்லாம வெறும் குளிர் நடுக்கம் வந்தாலும் இதே கணக்குதான். தெருமுனை கிளினிக்ல ஊசி போட்டுட்டு வர்றது வேணாம். கேஷுவால்டிக்குள்ள நுழையறப்பவே "கீமோ ஓடிட்டு இருக்கு, இன்னைக்கு பத்தாவது நாள், காய்ச்சல்"னு சத்தமா சொல்லுங்க, ஃபைலை நீட்டுங்க, வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏறணும், வரிசையில உக்காந்து காத்திருக்கற விஷயமில்ல இது. வண்டி இல்லன்னா 108.

மாத்திரையில ஒண்ணு சொல்லணும், ஃபோலிக் ஆசிட். சின்னதா, விலை கம்மியா இருக்கறதால சாதாரண சத்து மாத்திரைன்னு நினைச்சு கீமோ இல்லாத நாள்ல விட்டுடறாங்க. அப்படி விடக்கூடாது, தினமும் போடணும், கடைசி கீமோ முடிஞ்சும் 21 நாள் தொடரணும். ஒம்போது வாரத்துக்கு ஒருக்கா பி12 ஊசியும் உண்டு. இந்த ரெண்டும் இல்லன்னா பெமிட்ரெக்செட் வாயையும் குடலையும் ரத்தத்தையும் ரொம்ப பாதிக்கும். அப்புறம் முதுகு வலி, மூட்டு வலின்னு மெடிக்கல்ல கேட்டு ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீங்க, கிட்னி வழியாதான் இந்த கீமோ வெளிய போகுது, அதைத் தடுத்துடும். வலின்னா எங்ககிட்ட சொல்லுங்க, வலிக்கு வேற மருந்து நிறைய இருக்கு.

சாப்பாடு. சோறு எறங்கலன்னா சோறே வேணாம் விடுங்க, தட்டு நிறைய வச்சு முன்னாடி உக்காந்து பாத்துட்டே இருந்தா யாருக்கும் எறங்காது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். நல்லா வெந்த முட்டை ஒண்ணு, பொட்டுக்கடலை மாவுல கஞ்சி, பாசிப்பருப்பு பாயசம், முள்ளில்லாத மீன், பனீர், அன்னைக்கு தோய்ச்ச தயிர்ல இட்லி. ஆட்டுக்கால் சூப் குடுக்கறோம் ஆனா தெம்பு வரலன்னு சொல்லுவாங்க, சூப் தண்ணில புரோட்டீன் ரொம்ப கம்மி, கறியை மசிச்சு உள்ளயே போட்டுக் குடுங்க. தாளிக்கற வாசனை குமட்டும், அவர் இருக்கற ரூமுக்கு வாசனை போகாம பாத்துக்கோங்க, ஆறின சாப்பாடு வாசனை கம்மியா இருக்கறதால எறங்கும். வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்குன்னா எவர்சில்வர் தட்டை மாத்தி பீங்கான் தட்டு, பிளாஸ்டிக் ஸ்பூன், கூடவே கொஞ்சம் எலுமிச்சை. வாந்தி மாத்திரையை வாந்தி வந்தப்புறம் போடறாங்க, அப்படி இல்ல, டாக்டர் எழுதின நாள் வரைக்கும் வந்தாலும் வராட்டாலும் நேரத்துக்கு போடணும். ஆன்டன்செட்ரான்ங்கற வாந்தி மாத்திரை மலத்தைக் கட்டும், மூணு நாள் போகலன்னாலே பசியும் போயிடும், அதுக்கு சிரப் கேட்டு வாங்குங்க, இதை வெக்கப்பட்டு சொல்லாம இருக்கற அப்பாக்கள்தான் அதிகம். வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் ஆறின வெந்நீர்ல கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் ஆப்பசோடா, நாளைக்கு நாலஞ்சு தடவை கொப்பளிச்சு துப்பணும்.

இனிப்பு சாப்பிட்டா கேன்சர் வளரும்னு பாயசத்தை நிறுத்தச் சொல்லுவாங்க. எடை குறையற மனுஷனுக்கு சாப்பாட்டைக் குறைக்கறதுதான் கெடுதல், சுகர் இல்லன்னா குடுங்க. முள்சீத்தா இலை கஷாயம், பப்பாளி இலைச் சாறு, மஞ்சள் கேப்சூல் எல்லாம் கீமோ நடக்கற காலத்துல வேணவே வேணாம், லிவரும் கிட்னியும் ஏற்கனவே கீமோ மருந்தை சுமந்துட்டு இருக்கு, என்ன சேந்து என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. குழம்புல போடற மஞ்சள்ல ஒரு தப்பும் இல்ல. மருந்து சொல்ற சொந்தக்காரங்க பாசத்துலதான் சொல்றாங்க, "டாக்டர்கிட்ட கேட்டுட்டு போடறோம் சித்தப்பா"ன்னு சொல்லிட்டு விட்டுடுங்க, சண்டை வேணாம்.

மூச்சு வாங்கறதை நீங்க சாதாரணமா எழுதிட்டீங்க, ஆனா அதுக்கு காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. தண்ணி திரும்ப கோத்திருக்கலாம், ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்கலாம், சளி பிடிச்சிருக்கலாம், கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ரெண்டு மூணு வாரமா மெதுவா கூடிட்டே வருதுன்னா அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம போய் ஒரு எக்ஸ்ரே, ஒரு ரத்த டெஸ்ட் எடுங்க, தண்ணி திரும்பத் திரும்ப வந்தா அது சேராம இருக்க நுரையீரலைச் சுத்தியிருக்கற சவ்வை மருந்து வச்சு ஒட்டறதும், சின்ன டியூப் வச்சு வீட்டுலயே எடுக்கறதும் இருக்கு, கேளுங்க. திடீர்னு மூச்சு முட்டுச்சு, ஒரு கால் மட்டும் வீங்குச்சு, இருமல்ல ரத்தம் கொட்டுச்சு, முகமும் கழுத்தும் உப்புச்சு, முதுகு வலியோட காலு மரத்து தள்ளாடுச்சு, வலிப்பு வந்துச்சுன்னா அன்னைக்கே, அப்பவே கிளம்பணும்.

இதெல்லாம் இல்லாம தினப்படி இருக்கற மூச்சிரைப்புக்கு ஒரு சின்ன விஷயம் சொல்றேன், கேக்க சாதாரணமா இருக்கும். கையில பிடிக்கற சின்ன ஃபேனை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரா அரை அடி தள்ளி வைக்கணும், முகத்துல காத்து படறப்ப மூளைக்கு மூச்சுத் திணறற உணர்வு குறையும், ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. ஃபேன் இல்லன்னா பனையோலை விசிறி. முன்னாடி சாஞ்சு தலைகாணி மேல கையை ஊனி உக்காரணும், மூக்கால இழுத்து, விளக்கை அணைக்கற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடணும். குளிக்கறது பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, விறகடுப்பு எதுவும் அவர் பக்கத்துல வேணாம். பீடி சிகரெட் இன்னும் இருந்தா இப்ப விட்டாலும் பலன் உண்டு. ஆக்ஸிமீட்டர்ல 94, 95 காட்டறப்ப ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்து காசைக் கரைக்காதீங்க, அளவு நல்லா இருக்கறவங்களுக்கு ஃபேன் காத்தைவிட அது கூடுதலா ஒண்ணும் பண்ணாது. அப்படியும் அடங்கலன்னா மார்ஃபின் ரொம்ப குறைஞ்ச அளவுல குடுத்தா சிலருக்கு மூச்சிரைப்பு அடங்கும். மார்ஃபின்னு சொன்னதும் கடைசி கட்டம்னு வீட்டுல அழ ஆரம்பிச்சிடறாங்க, அடிமையாயிடுவார்னு பயப்படறாங்க. டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அப்படி ஆகாது, மலம் கட்டும், அதுக்கு கூடவே மருந்து குடுப்போம்.

பாலியேட்டிவ் கேர்ன்னு, அதாவது வலி, மூச்சிரைப்பு மாதிரி கஷ்டத்தைக் குறைக்கற சிகிச்சைன்னு எழுதிக் குடுத்தாலும் இதே பயம்தான். கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, கீமோவோட சேத்தே நடக்கறது அது. அமெரிக்காவுல பாஸ்டன்ல இதே மாதிரி பரவின நுரையீரல் கேன்சர் இருக்கற 151 பேரை வச்சு பண்ணின ஒரு ஆராய்ச்சி 2010ல வெளியாச்சு, ஆரம்பத்துலேருந்தே பாலியேட்டிவ் கேரும் சேந்து கிடைச்சவங்க மனசளவுல நல்லா இருந்தாங்க, அதோட மத்தவங்களைவிட சராசரியா ரெண்டரை மாசத்துக்கும் மேல கூடுதலா உயிரோட இருந்தாங்க. வலி, மூச்சு, தூக்கம் எல்லாம் சரியா இருந்தா உடம்பு சிகிச்சையைத் தாங்குது. நம்ம ஊர்ல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்கற நர்ஸ் உண்டு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க. கீமோவுக்கு ரயில்ல போறதா இருந்தா ஸ்லீப்பர்ல அப்பாவுக்கு டிக்கெட் இலவசம், கூட வர்றவருக்கும் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில அந்த ஃபாரம் கேளுங்க. இன்னொண்ணு, ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாதிரி ஜீன் டெஸ்ட் பண்ணாங்களா, ரிசல்ட் என்னன்னு கேட்டு ஃபைல்ல வைங்க, அதுல ஏதாவது இருந்தா மாத்திரையாவே சிகிச்சை இருக்கு.

கேன்சர் ஒட்டாது. பேரப்பிள்ளைங்க மடியில உக்காரலாம், கட்டிப்பிடிக்கலாம், சளி காய்ச்சல் அம்மை இருக்கற பிள்ளைங்க மட்டும் தள்ளி நிக்கட்டும். ஏத்தின ரெண்டு நாளைக்கு அவர் வாந்தி, மூத்திரத்தை சுத்தம் பண்றவங்க கிளவுஸ் போடணும், டாய்லெட்ல ரெண்டு தடவை தண்ணி ஊத்தணும்.

சொல்லாம வச்சிருக்கறதைப் பத்தி. உங்க மேல தப்பு சொல்லல, பாசத்துலதான் மறைக்கறீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணு தடவை கீமோ ஹால்ல நாலு மணி நேரம் உக்காந்திருக்கார், பக்கத்து சேர்ல முடி கொட்டினவங்க இருக்காங்க, சுவத்துல எழுதியிருக்கறதைப் படிச்சிருப்பார். பெரும்பாலான அப்பாக்களுக்கு தெரிஞ்சிருக்கும், பிள்ளைங்க மனசு கஷ்டப்படும்னு தெரியாத மாதிரி இருப்பாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைச்சுட்டு இருக்கறதால அவர் வலியையும் சொல்றதில்ல, பயத்தையும் சொல்றதில்ல, ராத்திரி முழிச்சு கிடப்பார். நீங்களா உக்கார வச்சு உடைச்சு சொல்ல வேணாம். சாயங்காலம் ரெண்டு பேரும் தனியா இருக்கறப்ப "உங்களுக்கு உடம்புக்கு என்னன்னு நினைக்கறீங்கப்பா, டாக்டர்கிட்ட ஏதாவது கேக்கணுமா"ன்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டு பேசாம இருங்க. வேணாம் விடும்மான்னு சொன்னா விட்டுடுங்க, அதுவும் அவர் உரிமைதான். கேக்கணும்னு சொன்னா அடுத்த விசிட்ல எங்ககிட்ட விடுங்க, எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படறாரோ அவ்வளவு மட்டும் சொல்லத் தெரியும் எங்களுக்கு.

வளைகாப்பு. கீமோ 12, வளைகாப்பு 14, அப்படின்னா சரியா மூணாவது நாள், அவர் படுக்கற நாள். அதனால விசேஷத்தை நிறுத்த வேணாம், கீமோவைத் தள்ளிக் கேளுங்க. நோயைக் கட்டுக்குள்ள வைக்கறதுக்காக போடற கீமோவுல நாலு நாள் தள்ளறதால பொதுவா பெருசா ஒண்ணும் ஆகாது, நாங்களே ரத்த அளவு குறைஞ்சா ஒரு வாரம் தள்ளறோம்ல. நீங்களா தேதியை விட்டுடாதீங்க, இப்பவே போன் பண்ணி "எங்க வீட்டு விசேஷம், 16ஆம் தேதி வரலாமா"ன்னு கேளுங்க, ஸ்டீராய்டு மாத்திரை 15லேருந்து ஆரம்பிக்கணும்ங்கறதையும் கேட்டு எழுதிக்கோங்க. 14ஆம் தேதி அவருக்கு தெம்பான நாளா இருக்கும். காத்தோட்டமா வாசல் பக்கம் கை வச்ச சேர் ஒண்ணு, மாஸ்க், பையில தெர்மாமீட்டரும் அந்த சின்ன ஃபேனும். அஞ்சு வகை சாதம் சூடா இறக்கினதும் முதல் பந்திலயே அவருக்கு கொஞ்சம் எடுத்துக் குடுத்துடுங்க. வளையல் போடறதை பாத்துட்டு ரெண்டு மணி நேரத்துல கிளம்பறதா முன்னாடியே பேசி வைங்க, அவர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்னு சொன்னா இருக்க விடுங்க.