தோணி வலிக்கப் போகிறவளுக்கு நீட் எதற்கு?

குழித்துறைப் பக்கத்து அப்பா ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் ஒன், 5 அடி 9 அங்குல உயரம். ஆலப்புழையில் சித்தி வீட்டுக்குப் போனவள், ரோயிங் எனப்படும் துடுப்புப் படகு விளையாட்டின் பயிற்சிக்கான ஆள் தேர்வில் கலந்துகொண்டு தேறியும் விட்டாள். பெரியப்பா குதிக்கிறாராம்: "தோணி வலிக்கவா பிள்ளையைப் படிக்க வச்சோம்? நீட் கோச்சிங்கில போடு. கிடைக்கலைன்னா ஜார்ஜியா."

அண்ணாச்சி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படிக்க வைக்க ரப்பர் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அது வேண்டவே வேண்டாம். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டர். உயிரியல் புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிற பிள்ளையை நம்பி அந்தக் கடனை வாங்காதீர்கள்.

பெரியப்பா நினைப்பது கேரளத்துப் படகுப் பந்தயமான வள்ளங்களியை. ரோயிங் வேறு. இதில் இலக்குக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். துடுப்பு கையில் இருந்தாலும் பெரும்பங்கு வலு காலிலிருந்துதான் வருகிறது. நீளமான கால் இருந்தால் துடுப்பின் ஒவ்வொரு இழுப்பும் நீளும். அதனால்தான் உங்கள் மகளைப் பார்த்ததும் கரையிலேயே துடுப்பு வலித்துப் பழகும் எர்கோ மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். கைப்பிடியை இழுக்க இழுக்க, 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று திரையில் ஓடும். அதில் சிபாரிசு எடுபடாது. பழக்கமே இல்லாமல் 2000 மீட்டரை 8 நிமிடம் 20 விநாடியில் முடித்திருக்கிறாள். அது சாதாரணமில்லை.

செலவு? ஆலப்புழையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையம் இருக்கிறது. விடுதி மாணவியாகத் தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒற்றையர் படகு சுமார் 8 மீட்டர் நீளம், எடையோ 14 கிலோதான். விலை மட்டும் லட்சக்கணக்கில். அதெல்லாம் மையத்தின் சொத்து. படகு வாங்கித் தரச் சொல்லி யார் வந்தாலும் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

ரியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்ட இந்திய வீரர் தத்து போகனால் 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் இதைக் கற்றார். மகளுக்கு 16 வயது தாமதமே இல்லை. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: இந்தியாவுக்கு ரோயிங்கில் இதுவரை ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. ஹாங்சோ ஆசியப் போட்டியில் வந்த 5 பதக்கமும் ஆண்களுடையது. பெண்கள் ஜோடி ஒன்று 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியது. போட்டி குறைந்த இடம் என்றும் சொல்லலாம், ஆதரவு குறைந்த இடம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், உடம்பு அந்த அளவுக்குத் தயாராகவே பல வருடம் பிடிக்கும். முதல் குறி தேசியப் பதக்கம். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரோயிங்கும் உண்டு, பதக்கம் இருந்தால் அந்தக் கதவு எளிதாகத் திறக்கும்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளஸ் டூவை முடித்தே ஆக வேண்டும், பின்னால் அஞ்சல் வழியிலாவது ஒரு டிகிரி. அப்புறம் முதுகு. இந்த விளையாட்டில் இடுப்பு வலியும் விலா எலும்பு விரிசலும் சகஜம். விடுதியில் பிசியோதெரபிஸ்ட் தினமும் இருக்கிறாரா, காயம்பட்டால் பள்ளிக்கூடத்துக்கு யார் பதில் சொல்வது என்று, சேர்ப்பதற்கு முன்பே நேரில் போய்க் கேளுங்கள். நீச்சல் தெரியுமா என்று எழுதவில்லையே? தெரியாவிட்டால் நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.