அப்பாவுக்கு பிஎஸ்ஏ 6.2: கறியை நிறுத்தினால் குறையுமா?

பிஎஸ்ஏ என்பது ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம். கறியை நிறுத்துவதால் அது இறங்காது. காரைக்குடி உப்புக்கறி மேல் பழி வேண்டாம்.

69 வயதில், புற்றுநோய் இல்லாமலே, அந்தச் சுரப்பியின் வீக்கமோ சிறுநீர்த் தொற்றோகூட இப்படி ஏற்றிவிடும். யூரின் கல்ச்சர் பாருங்கள். தொற்று இருந்தால், குணமாகி 6–8 வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுங்கள். முந்தைய 2 நாள் சைக்கிளும் உடலுறவும் கூடாது. சுரப்பி வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறாரா? அளவு சுமார் பாதியாகக் காட்டும். அப்படியானால் இது 12-க்குப் பக்கம். டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு புரோஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடுதல், ஆசியருக்குக் குறைவு என்பது சரியே. ஆனால் உங்கள் பெரியப்பாவுக்கு இந்தப் புற்றுநோய் இருந்திருக்கிறதே, அதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். சிகரெட்டை விடட்டும், தொப்பையைக் குறைக்கட்டும்.

சிறுநீரில் ரத்தமோ விடாத இடுப்பெலும்பு வலியோ இருந்தால் காத்திருக்காமல் யூராலஜிஸ்ட்டிடம் போங்கள்.