வல்லாரை பிள்ளையைக் கதைக்க வைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. கூப்பிட்டால் திரும்பமாட்டான், ஒரு சொல்லும் கதைப்பதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றிக்கொண்டே இருப்பான். வவுனியாவில் காட்டினோம், ஓட்டிசம் என்றார்கள். வலிப்புக்கும் மருந்து குடிக்கிறான். மாமிக்குத் தெரிந்த பரியாரியார் ஒருவர் லேகியமும் செந்தூரமும் தந்திருக்கிறார். மூன்று மண்டலம் கொடுத்தால் கதைப்பானாம், அதுவரை இங்கிலீஷ் மருந்தை நிப்பாட்டட்டாம். மாமி வல்லாரைச் சாறும் கொடுக்கிறா, நாக்கில் வசம்பும் தடவுகிறா. என்ன செய்வது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அன்புத் தங்கச்சி,

வலிப்பு மருந்தை நிப்பாட்டாதீர்கள். ஒரு நேரம்கூட விடவேண்டாம். திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம், உயிருக்கே ஆபத்து. மற்றதையெல்லாம் ஆறுதலாக வாசிக்கலாம். இதை மட்டும் இப்போதே மாமிக்குச் சொல்லிவிடுங்கள்.

நான் பரியாரி வீட்டில் வளர்ந்தவள். என் அம்மப்பா முள்ளியவளையில் வைத்தியம் பார்த்தவர். வாய்க்கால் கரையில் வல்லாரை பிடுங்கிவர எங்களைத்தான் அனுப்புவார். ஆனால் செந்தூரத்துக்குப் புடம் போடுகிற நாளில் பிள்ளைகள் ஒருவரையும் பின்வளவுப் பக்கம் எட்டிப்பார்க்க விடமாட்டார். மருந்து அரைக்கிற கல்வத்தைக் கழுவிய தண்ணீரைக்கூடக் கிணற்றுக்குத் தூரமாகக் கொண்டுபோய்த்தான் ஊற்றுவார். இலை வேறு, இரசம் (பாதரசம்) வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே உங்கள் வீட்டில் இப்போது நடப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாகப் பார்ப்போம்.

வல்லாரை நல்ல கீரை. தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், தேசிக்காய்ப்புளி சேர்த்துச் சம்பல் போட்டுக் கொடுங்கள், தின்றால் தின்னட்டும். ஞாபகசக்திக்கு நல்லது என்று சித்த வைத்தியம் சொல்லும். அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் நீர்ப்பிரமி என்ற மூலிகையைப் பெரியவர்களுக்கு மூன்று மாதமளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. சில ஞாபகச் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் உங்கள் மகனின் சிக்கல் ஞாபகம் இல்லையே. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் ஒருதரம் போன பாதையை மறக்கமாட்டார்கள். தான் பார்ப்பதை இன்னொருவரோடு பகிர்வதுதான் அவர்களுக்குக் கடினம். அதற்கு வல்லாரை மருந்து என்று ஒருவரும் இன்னும் காட்டவில்லை.

தாவரங்களை ஆராய்ச்சிக்காரர்கள் ஒதுக்கிவிடவும் இல்லை. புரொக்கோலி முளையில் இருக்கும் சல்ஃபொராபேன் என்ற பொருளை அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு 18 கிழமை கொடுத்துப் பார்த்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். சிலரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது, நிப்பாட்டியதும் பெரும்பாலும் பழையபடி ஆனது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கு மூலிகையின் நிலை அவ்வளவுதான், தங்கச்சி. பார்க்கவேண்டியது இன்னும் இருக்கிறது, ஆனால் ஒரு பிள்ளைக்கு நம்பிக் கொடுக்கிற அளவுக்கு ஒன்றும் வரவில்லை.

வசம்பை விட்டுவிடச் சொல்லுங்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம். ஆனாலும் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. லேகியத்தையும் செந்தூரத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். செந்தூரம் என்றாலே உலோகம் சேர்ந்த மருந்துதான். 2004இல் அமெரிக்காவின் பொஸ்டனில் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70ஐச் சோதித்தார்கள். 14இல் ஈயமோ இரசமோ ஆசனிக்கோ இருந்தது. வளர்கிற மூளைக்கு ஈயம் நேரடிப் பகை. மூளைக்கென்று கொடுக்கும் மருந்தில் அது இருந்தால் எப்படி இருக்கும்! அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையும் பொட்டலத்தையும் கொண்டுபோய், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை.

‘பக்கத்து ஊர்ப் பிள்ளை இதைக் குடித்துத்தானே கதைத்தது’ என்று மாமி கேட்பா. 1999இல் ஒரு சோதனை முடிவு வந்தது. ஓட்டிசத்தை மாற்றும் என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்ட செக்ரெட்டின் ஊசியைப் பாதிப் பிள்ளைகளுக்கும், வெறும் உப்புநீரை மற்றப் பாதிக்கும் போட்டார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் முன்னேறியதாகவே தெரிந்தது, வித்தியாசமே இல்லை. பிள்ளைகள் எப்படியும் வளர்வார்கள், நாங்களும் ஆசையோடு பார்ப்போம். அந்த நேரத்தில் கையில் இருக்கும் மருந்துக்குப் பெயர் போய்விடும். பரியாரியார் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை, அவரும் அப்படி நம்பியிருக்கலாம்.

சரி, அப்போ என்னதான் செய்வது? காது சோதனை செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். பேச்சு மொழி சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லி கிளினிக்கில் வாய்திறந்து கேளுங்கள். முறை வர மாதங்கள் ஆகலாம், ஆனால் அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு ஒரு ஆய்வு நடந்தது. விசேட நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்களே தாய் தகப்பனுக்குப் பிள்ளையோடு விளையாடும் முறையைக் காட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரை நாடுவது கூடியது. வன்னி மாதிரி வைத்தியர் குறைந்த இடங்களுக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

அந்தச் சைக்கிள் சில்லை மறைத்து வைக்காதீர்கள். போனைத் தூரத்தில் வைத்துவிட்டு, அவன் முகம் தெரிகிற மாதிரி எதிரே நிலத்தில் இருங்கள். அவன் சுற்றும்போது ‘சுத்து, சுத்து’ என்று மட்டும் சொல்லுங்கள். நீட்டிக் கதைக்கவேண்டாம், கேள்வியும் கேட்கவேண்டாம். சில நாள் போகட்டும். பிறகு சில்லு தானாக நின்றதும் கையை அதில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். பத்து எண்ணும்வரை பொறுங்கள். முதலில் கத்துவான், இல்லாவிட்டால் உங்கள் கையைத் தள்ளிவிடுவான். ஒருநாள் உங்கள் விரலைப் பிடித்துச் சில்லுக்குக் கொண்டுபோவான், இல்லை ஒரு கணம் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான். அதைக் கதைத்ததாகவே எடுத்து, உடனே ‘சுத்து’ என்று சொல்லிச் சுற்றிவிடுங்கள். ஒருநாளைக்கு அரைமணி நேரம் போதும். மாமியையும் பக்கத்தில் இருத்துங்கள். வசம்பு உரைக்கிற அந்தப் பொறுமை இதற்கும் உதவும்.