ஹைட்ரஜனோடு வேலை பார்த்தவரிடம் கேட்டவை

மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலையில் ஹைட்ரஜனேற்றப் பிரிவில் (சேர்மங்களில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் இடம்) பல வருடம் வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளில் இருப்பதிலேயே கடினமானது ஒரு பள்ளி மாணவி கேட்டது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சார், திரவ ஹைட்ரஜனை எவ்வளவு நல்ல பிளாஸ்கில் வைத்தாலும் தானாக ஆவியாகும் என்று எங்கள் மிஸ் சொன்னார்கள். வெளியிலிருந்து சூடே புகாதபோது எப்படி? (பிளஸ் டூ மாணவி)

மிஸ் சொன்னது சரிதான்மா. சூடு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு புரோட்டான்கள். இரண்டின் சுழற்சியும் ஒரே பக்கம் இருந்தால் அது ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. அறை வெப்பநிலையில் நாலில் மூன்று பங்கு ஆர்த்தோ. மைனஸ் 253 டிகிரியில், அதாவது திரவமாக இருக்கும்போது, ஏறக்குறைய எல்லாமே பாராவாக இருக்க வேண்டும். ஆனால் வாயுவைச் சட்டென்று குளிர்வித்தால் சுழற்சி அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. பழைய விகிதத்திலேயே திரவமாகிவிடும். அப்புறம் பிளாஸ்குக்குள் நாள்கணக்கில் மெல்ல மாறும். அந்த மாற்றத்தில் கிலோவுக்குச் சுமார் 525 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். ஒரு கிலோ திரவ ஹைட்ரஜனை ஆவியாக்கவோ 446 கிலோஜூல் போதும்! பெரும்பங்கு பறந்துவிடும்.

ஜேம்ஸ் டுவார் 1898-ல் முதன்முதலாக ஹைட்ரஜனைத் திரவமாக்கியபோது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. பாரா ஹைட்ரஜனைத் தனியாகப் பிரித்துக் காட்டியது 1929-ல், போன்ஹோஃபரும் ஹார்டெக்கும். இன்றைய ஆலைகளில் குளிர்விக்கும் பாதையிலேயே இரும்பு ஆக்சைடு வினையூக்கியை நிரப்பிவிடுகிறார்கள். இரும்பின் காந்தப்புலம் சுழற்சியைத் திருப்பிவிடும். மாற வேண்டியது தொட்டிக்குப் போகும் முன்பே மாறிவிடும்.

பல்லேடியம்-கார்பன் (கார்பன் தூளில் பல்லேடியம் ஏற்றிய வினையூக்கி) போட்டு ஹைட்ரஜனேற்றம் முடித்து, நைட்ரஜன் ஓட்டி வாயுவை எல்லாம் வெளியேற்றிவிட்டுத்தான் வடிகட்டினேன். அப்படியும் வடிதாளில் குப்பென்று தீ. என்ன தப்பு செய்தேன் அண்ணா? (ஆராய்ச்சி மாணவர்)

நீங்கள் வெளியேற்றியது பாத்திரத்தில் இருந்த வாயுவை, தம்பி. பல்லேடியத்துக்குள் இருந்தது அங்கேயேதான் இருந்தது. பல்லேடியம் தன் கன அளவைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தாமஸ் கிரஹாம் 1860-களிலேயே கண்டது இது. வடிதாளில் கார்பன் காய்ந்தவுடன் காற்று பட்டுச் சூடேறுகிறது, பக்கத்திலேயே கரைப்பானாக இருந்த மெத்தனாலின் ஆவி. அப்புறம் தீப்பிடிக்கத் தனியாகத் தீக்குச்சி வேண்டாம்.

ஆகவே, வடிகட்டும்போது வடிதாளில் தங்கும் கார்பன் அடையைக் காய விடாதீர்கள். உறிஞ்சும் பம்பை கடைசிச் சொட்டு வரை ஓட்டாமல் நிறுத்துங்கள். மேலே நைட்ரஜன் ஓடட்டும். முடிந்ததும் அடையைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தனி டப்பாவில் போடுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் தாளைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு டீ குடிக்கப் போனவன். திரும்பி வந்தால் கூடையில் புகை. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

வினை முடிந்தபின் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு (ஹைட்ரஜனைக் கொடுக்கும் முரட்டு வினைப்பொருள்) மிச்சம் இருக்கும்போது எப்படி அடக்குவது? தண்ணீர் விட்டால் பசை மாதிரி ஆகி வடிய மாட்டேன் என்கிறது.

அளவுதான் ரகசியம். ஈதர் விட்டு நீர்க்க வைத்து, ஐஸில் குளிர்வித்து, ஒரு கிராம் ஹைட்ரைடுக்கு முதலில் 1 மில்லி தண்ணீர், சொட்டுச் சொட்டாக. பிறகு 15 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 1 மில்லி. கடைசியாக 3 மில்லி தண்ணீர். பசைக்குப் பதிலாக மணல் போன்ற வெள்ளை வீழ்படிவு வரும், சுலபமாக வடியும். மெத்தனாலில் போட்டுப் பயன்படுத்தும் சோடியம் போரோஹைட்ரைடு மாதிரிதானே என்று நினைத்து இதையும் மெத்தனாலில் போட்டுவிடாதீர்கள். போரானைவிட அலுமினியம் எலக்ட்ரானை லேசாகத்தான் பிடித்திருக்கும். அதனால் அதோடு இருக்கும் ஹைட்ரஜன் பல மடங்கு முரட்டுத்தனமானது.

அம்மோனியா ஆலையில் பராமரிப்பு வேலை. சூடான ஹைட்ரஜன் போகும் குழாய்க்குச் சாதாரண எஃகு ஆகாது என்கிறார்கள். அது துருப்பிடிக்கவே இல்லையே?

துருவை விட மோசம். ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் பாஷ் இதில்தான் முதலில் அடிபட்டார். நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் ஹேபரின் முறையை ஆலை அளவுக்குப் பெரிதாக்க முயன்றபோது அவருடைய எஃகுக் குழாய்கள் சில நாளிலேயே வெடித்தன. வெட்டிப் பார்த்தால் காரணம் தெரிந்தது: உயர்ந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதில் இருக்கும் கார்பனோடு சேர்ந்து மீத்தேன் ஆகிறது. உள்ளே போன ஹைட்ரஜன் அணு சிறியது, உண்டான மீத்தேன் பெரியது. வெளியே வர வழியில்லாமல் உலோகத்தை உள்ளிருந்தே பிளக்கும்.

பாஷ் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பு. உள்ளே கார்பன் குறைந்த மெல்லிய இரும்பு உறை. அது அழுத்தம் தாங்காது, ஆனால் கெடாது. வெளியே கெட்டி எஃகு. அதில் சின்னச் சின்னத் துளைகள். உறையைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் துளை வழியாக வெளியே போய்விடும். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலை அப்படித்தான் ஓடத் தொடங்கியது. இப்போது குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு அந்த வேலையைச் செய்கிறது. அவை கார்பனை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

தூத்துக்குடியில் கனநீர் ஆலையை ஏன் உரத் தொழிற்சாலை ஓரத்தில் கட்டினார்கள்?

கனநீருக்கு டியூட்டீரியம், அதாவது எடை கூடிய ஹைட்ரஜன், வேண்டும். அது ஏறக்குறைய 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான். அவ்வளவு அரியதைப் பொறுக்கி எடுக்க ஹைட்ரஜன் ஆறு போல ஓடும் இடம் தேவை. உர ஆலையில் அம்மோனியாவுக்காக அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாயுவைக் குளிர்ந்த திரவ அம்மோனியாவோடு, பொட்டாசியம் அமைடு வினையூக்கியாக இருக்க, உரச விட்டால் டியூட்டீரியம் அம்மோனியாவுக்கு மாறும். மிச்ச வாயுவை உர ஆலைக்கே திருப்பிவிடலாம். யூரியாவுக்கு டியூட்டீரியம் குறைந்தால் என்ன? ஒரே சங்கடம், உர ஆலை நின்றால் இதுவும் நிற்க வேண்டியிருந்தது.

தண்ணீரில் ஓடும் பைக் என்று வீடியோ வந்தது. உண்மையா?

இல்லை. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்த சாம்பல். ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க ஏறத்தாழ 50 யூனிட் மின்சாரம் செலவாகும். எரித்தால் 33 யூனிட் அளவுக்குத்தான் பயன் வரும்.

டால்டாவில் ஹைட்ரஜன் இருக்கிறதா?

வாயுவாக இல்லை. நிக்கல் உதவியோடு எண்ணெயின் இரட்டைப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டும்போது சில பிணைப்புகள் ஹைட்ரஜன் ஏறாமலேயே திரும்பிக்கொண்டு டிரான்ஸ் கொழுப்பாகிவிடும்; வம்பு அங்கேதான். 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் அதற்கு 2 சதவீத வரம்பு.

ஹைட்ரஜன் சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டவே மாட்டேன் என்கிறது. மறை போய்விட்டதா?

எரியும் வாயு என்பதால் மறை இடப்பக்கமாகத்தான் இருக்கும். மாற்றித் திருகிப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் கையில் இருப்பது ஆக்சிஜன் ரெகுலேட்டரா என்று பாருங்கள். ஸ்பானரை மட்டும் எடுக்காதீர்கள்.